ஈரம் போக அறுபத்திரண்டு

அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேரில் நர்ஸாக இருந்தேன். என் நோயாளிகளில் சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே மனிதர் ஒரு கொப்பரை வியாபாரி. அவரைத்தான் கிட்டத்தட்டக் கொன்றிருப்பேன்.

ராமநாதபுரத்துக்காரர். அபர்தீன் பஜாரில் கடை. தீவுகளிலிருந்து கப்பலில் வரும் கொப்பரையை வாங்கி மெயின்லேண்டுக்கு அனுப்புவார். இதயம் தளர்ந்து, உடம்பில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று வந்து சேர்ந்தார். நீர் வடிந்ததும், வீட்டுக்கு அனுப்பும் முன் பாடம் நடத்துவது என் வேலை. உப்பைக் குறையுங்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதுங்கள். சட்டென்று இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, தண்ணீர், உடனே வாருங்கள். கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கி, குழி விழுகிறதா என்று பார்க்கவும் காட்டினேன். மனிதர் உன்னிப்பாகக் கவனித்தார்.

எடை மெஷின் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது, ஆஸ்பத்திரியோ மேட்டின் மேல். "அதுக்கென்ன சிஸ்டரு, நம்ம கடைத் தராசு இருக்கே" என்றார். மூட்டை நிறுக்கும் தராசு அது. ஒரு தட்டில் இவர் சம்மணம் போட்டு உட்கார, மறு தட்டில் கல் வைப்பார்களாம்.

வாரம் ஒருமுறை அவர் மனைவி நோட்டைக் கொண்டுவருவார். அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நோட்டை வார்டு முழுக்கக் காட்டி மற்றவர்களை வைதேன்.

மூன்றாம் வாரம் அந்த அம்மாள் தயங்கி நின்றார். "இவுக ரெண்டு நாளா உக்காந்துக்கிட்டே தூங்குறாக சிஸ்டரு. காலு செருப்புக்குள்ள போக மாட்டேங்குது."

நோட்டில் அதே அறுபத்திரண்டு. "கருவாடு போட்டீங்களா?" என்று பாய்ந்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இருந்த கருவாட்டையெல்லாம் பக்கத்து வீட்டு பெங்காலிக்குக் குடுத்துட்டேன்."

எடை சரியாகத்தான் இருக்கிறது, வீணாகப் பயப்படாதீர்கள் என்று அனுப்பிவைத்தேன். ஆனால் அந்தச் செருப்பு மனதை அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை டியூட்டிக்கு முன் கடைக்குப் போனேன்.

வீங்கிய காலோடு தராசுத் தட்டில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். மறு தட்டில் கற்கள் ஏறின. அறுபத்தேழு. இறங்கி, மூச்சு வாங்கக் குனிந்து, கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் புதைந்தது. கொஞ்சம் யோசித்தார். "ஈரம் அஞ்சு கிலோ" என்று சொல்லிவிட்டு, நோட்டில் அறுபத்திரண்டு என்று எழுதினார்.

"என்ன பண்றீங்க!" என்று கத்திவிட்டேன்.

"ஈரத்தைக் கழிக்காம எப்படி எழுதுறது?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இருவது வருசமா கொப்பரையை அமுக்கிப் பாத்து, ஈரம் போகத்தான் எழுதுறேன். பில்குல் சரியான எடை சிஸ்டரு. நீங்களும் அமுக்கித்தானே காட்டுனீக?"

கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பயம் இரண்டையும் முந்திக்கொண்டது. மூட்டை தூக்கும் இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி மேடேற்றினார்கள். "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா" என்று, மெதுவாகப் போகச் சொல்லி வழியெல்லாம் உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார்.

ஊசி போட்டு நீர் பிரிந்தது. ஆறாம் நாள் மெஷினில் நிறுத்தினேன். முள் அறுபத்திரண்டில் நின்றது.

"பாத்தீகளா? நான் அப்பவே எழுதிட்டேன்."

மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் எப்படி எழுதுகிறார் என்று நான் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. கால் வீக்கத்தைப் பார்த்து வந்து சொன்ன மனைவியையும் நம்பவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது பாடத்தை மாற்றினேன். "உங்க எடை எனக்கு வேண்டாம். ஈரம் எவ்வளவுன்னு மட்டும் எழுதுங்க." மனைவியிடம், நோட்டு என்ன சொன்னாலும் செருப்பைப் பாருங்கள் என்றேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, தலையணையும் கையுமாக இருவரும் வார்டு வாசலில் வந்து நின்றார்கள். வியாபாரி நோட்டை நீட்டினார். ஈரம் இரண்டு கிலோ.

"சரக்கைக் காய வச்சுக் குடுங்க சிஸ்டரு" என்றார்.