செலின் அக்காவுக்குச் சொன்ன பதில்

எனக்கு வயது எண்பத்தொன்று. பெற்றது ஐந்து, நாத்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. கன்னியர் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் இருக்கட்டும். எங்கள் கொல்லைக் கிணற்று ராட்டினம் எண்ணெய் இல்லாமல் கிறீச்சிடுவது மட்டும் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் காய்ச்சலில் போய்விட்டாள் என் அக்கா செலின். வெயிலில் ஆடிவிட்டு வரும் எனக்கு உச்சி வேளையில் தண்ணீர் சேந்திக் கொடுப்பவள் அவள்தான். கல்லறையில் வைத்து மூன்றாம் நாள், யாருமில்லாத கொல்லையில் ராட்டினம் கிறீச்சிட்டது; பிறகு "மரீ" என்று அவள் குரல் கூப்பிட்டது. அடுக்களைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிரவே இல்லை.

"எத்தினி வாட்டி கூப்ட்டாலும் ஏன்னு பதில் குடுக்காத. குடுத்தா உன்னையும் இட்டுக்கினு பூடுவா. அடக்கிக்கோ. பழகினா வந்துரும்."

தவக்காலம் முழுக்க அடக்கினேன். தினமும் உச்சியில் அவள் கெஞ்சுவாள், கோபிப்பாள், என் மரப்பாச்சி அங்கே கிடப்பதாக ஆசை காட்டுவாள். செபமாலை மணியை விரலில் நசுக்கிக்கொண்டு நிற்பேன். அம்மா சொன்ன மாதிரி பழகவில்லை, நாளுக்கு நாள் கனத்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. எங்கள் தெருவிலேயே என்னைப்போல வீம்புக்காரி கிடையாது.

பெரிய வெள்ளிக்கிழமை "ஒருசந்தி" உபவாசம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. சிலுவைப் பாதையில் பதினான்கு இடத்திலும் முட்டி போட்டு, வந்த தும்மலை விழுங்கி, பக்கத்துப் பெண் கிச்சுகிச்சு மூட்டியும் சிரிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து கால் கழுவக் கொல்லைக்குப் போனேன். ராட்டினம் கிறீச்சிட்டது. அன்று அவள் கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. எப்போதும் கேட்பதுபோல, "தண்ணி வேணுமாடி?" என்றாள்.

"வேணும்கா."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. துவைகல் மேல் செம்பு இருந்தது, தளும்பத் தளும்ப. குடித்தேன்.

திரும்பினால் அம்மா. பதில் சொன்னது நான்தானா என்று கேட்டாள், தலையாட்டினேன். அடிப்பாள் என்று பார்த்தால், கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னையுந்தான்டி தெனம் கூப்ட்டா. உனுக்கு எதனா ஆயிடப்போவுதுன்னு நான் அடக்கிக்கினு கெடந்தேனே."

மறுநாள் உச்சியில் இருவரும் காத்து நின்றோம். ராட்டினம் அசையவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவும் அப்புறம் வரவில்லை. அம்மாதான், சாகும்வரை உச்சி வேளையில் கொல்லைக் கதவைத் திறந்துவைத்து, "ஏம்மா... ஏம்மா" என்று வெறுங்கிணற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வீடு இப்போது வெளியூர்க்காரர்கள் தங்கும் ஓட்டல். கிணற்றை மூடி மேலே மேசை நாற்காலி போட்டிருக்கிறார்கள். சர்க்கரை வியாதி வந்து இருபது வருஷமாக நான் இனிப்பைத் தொட்டதில்லை; டாக்டரம்மாவே மெச்சுகிறார். ஆனால் களைத்துக் கிடக்கும்போது யாராவது சின்னதாக ஒன்று கேட்டால், கேட்டது யார் என்று பார்த்த பிறகே வாயைத் திறப்பேன்.

எம் பேத்தி ஸ்டெல்லா கண்ணு, ஆயா எழுதினதை ஒரு வாட்டி படிச்சுக் காட்டு. பின்னால நின்னு படிக்காத. மூஞ்சி தெரியிற மாதிரி முன்னால வந்து உக்காரு.