திட்டுவதற்கு ஓர் ஆள்

திருத்தணியில் மின்சார ரயிலேறி ஒருவர் என் எதிரே உட்கார்ந்தார். மெலிந்த உடம்பு, நெற்றியில் மலைக்கோயில் விபூதி. இரும்பு உருக்கும் ஆலை ஒன்றுக்கு மின்சாரச் சந்தையில் கரண்ட் வாங்கித் தருவது அவர் வேலை. நாளைய கரண்டுக்கு இன்றே, ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் தனித்தனியாக ஏலத்தில் விலை கேட்க வேண்டுமாம். அதனால் போனைத் தொடையில் கவிழ்ப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாகவே வந்தார்.

சில நிதி நிறுவனங்கள் அந்தச் சந்தையில் புகுந்து மின்சார விலையை வேண்டுமென்றே ஏற்றியதாகப் புகார் என்று என் பேப்பரில் செய்தி. காட்டினேன்.

"ஆங், படிச்சேங்க. போன வாரம் நாங்க கேட்ட விலைக்குக் கெடைக்கல. ரெண்டு நாள் உலை நின்னுபோச்சு. வேலைக்கு வந்தவங்கள ஆலை கேட்டாண்டயே திருப்பி அனுப்பிட்டோம்."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"நான்தான் விலையைத் தப்பா போட்டுட்டேன்னு சொன்னேன்."

"ஏன் சார்?"

"உலையும் இல்லாம கரண்ட் கம்பியும் இல்லாம எங்கியோ குந்திகினு இருக்கறவன் நம்ம உலையை நிறுத்திட்டான்னா யாருங்க நம்புவாங்க? திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும் இல்லீங்களா?"

மணவூரில் இறங்கினார். பிளாட்பாரத்தில் ஆலைச் சீருடையில் நின்ற இரண்டு தொழிலாளிகள் அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார்.

ஜன்னல் வழியாக அவர்களிடம் பேப்பரை நீட்டியிருக்கலாம். புகார் என்றுதானே போட்டிருக்கிறது, யார் நம்புவார்கள் என்று நானும் மடித்து வைத்துக்கொண்டேன்.