எல்லோருக்கும் ஒரே தூள் வந்த காலை

எங்கள் மில் கரவெட்டியில், சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. கறித்தூள் வறுத்து அரைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. இங்கே ஒரு வீட்டுத் தூள் இன்னொரு வீட்டுக்கு ஆகாது. ஒருவருக்கு மல்லி நன்றாகக் கறுக்க வறுபட வேண்டும், ஒருவருக்குச் சிவந்தவுடனே இறக்க வேண்டும். சிலருக்குப் பெருஞ்சீரகம் தூக்கலாக வேண்டும், சிலருக்கு அதன் வாசமே பிடிக்காது. பிசகினால் அடுத்த நாள் விடியவே வந்து, “என்னணை, ஆரின்ரையோ வீட்டுத் தூளைத் தந்து விட்டிட்டியள்” என்று கேட்டுவிடுவார்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர் ஒருவரும் இல்லை. இதை நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பெயர் எழுதி ஒட்டும் பழக்கம் எனக்கு இல்லை. ஆட்கள் சாமான் போட்டுக் கொண்டுவரும் தகரப் பேணிதான் எனக்கு அடையாளம். பெயரை நம்பினால் குழப்பம்தான் வரும், எங்கள் ஒழுங்கையிலேயே ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். பேணி அப்படியில்லை. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பால்மாப் பேணிகள் என்றாலும் ஒன்று நெளிந்திருக்கும், மற்றதன் விளிம்பில் துருப் பிடித்திருக்கும். கையில் வாங்கியதும் அந்த வீட்டு அளவு தானாக வந்து நிற்கும். பேணியை எறிந்துவிட்டார்கள் என்றால் அளவும் மெல்ல என்னை விட்டுப் போய்விடும். போகட்டும், வராத வீட்டின் அளவை நான் ஏன் சுமக்க வேண்டும்?

என் மகள் கொழும்பில் கம்பியூட்டர் வேலை செய்தவள். நாற்பது வயதுக்குப் பிறகு ஊரோடு வந்து, வீட்டிலிருந்தபடியே அந்த வேலையைச் செய்கிறாள். வெளிநாட்டில் இருப்பவர்களும் எங்களிடம் தூள் எடுக்கட்டும் என்று மில்லுக்கு ஒரு வலைப்பக்கம் செய்தாள். பின்னேரங்களில் என் பக்கத்தில் இருந்து, அரைக்க வந்திருக்கும் பேணிகளை ஒவ்வொன்றாக என் கையில் தந்து கேட்டு, ஒவ்வொரு வீட்டு அளவையும் அதற்குள் ஏற்றினாள். யாராவது போனில் ஓடர் கொடுத்தால், அவர்கள் வீட்டு அளவு மில்லில் இருக்கும் திரையில் வரும். அவள் வாசிப்பாள், நான் வறுப்பேன்.

ஒரே குறை, அது வரச் சுணங்கும். எங்கேயோ தூரத்தில் இருக்கும் களஞ்சியத்துக்குப் போய் அளவை எடுத்துக்கொண்டு வருமாம். அதற்குள் அடுப்பில் வறுக்க வைத்த என் தாச்சி புகையத் தொடங்கிவிடும்.

“உது போய் வாறதுக்குள்ளை நான் பருத்தித்துறைக்குப் போட்டு வந்திடுவன்” என்றேன்.

அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. “பொறுங்கோ அம்மா. ஒருக்கா எடுத்த அளவைப் பக்கத்திலேயே ஒரு பெட்டியிலை வைச்சிருக்கப் பண்ணுறன். அதே ஆள் திரும்ப வந்தால் தூரத்துக்குப் போகத் தேவையில்லை, கண்ணை மூடித் திறக்கத் தந்திடும்.”

அன்று பின்னேரமே இருந்து அதைச் செய்து முடித்தாள்.

அடுத்த நாள் காலை முதல் ஓடர் கனடாவில் இருக்கும் ஒரு வீட்டுக்காரருடையது. நல்ல உறைப்புக்காரர்கள். அவர்களுடையதை வறுத்து இறக்கினேன். இரண்டாவது, பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஒரு மனுசியின் ஓடர். அவளுடைய இளைய மகளுக்குக் கொழும்பில் பிள்ளை பிறந்து மூன்று நாள். பகல் பஸ்சில் இவள் அங்கே போகிறாள். போகும்போது பெற்றவளின் பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள் கொண்டுபோக வேண்டும்.

மகள் திரையைத் தட்டினாள். “பாத்தியளோ! தட்ட முந்தி வந்திட்டுது. செத்தல் மிளகாய் மூண்டு பங்கு, மல்லி ரெண்டு…”

“நிப்பாட்டு” என்றேன். “பெத்தவளுக்கு ஆரடி செத்தல் மிளகாய் குடுக்கிறது?”

“அதிலை அப்பிடித்தானே அம்மா கிடக்கு.”

“கிடக்கட்டும். நான் தாச்சியிலை போடமாட்டன்.”

அவள் மூன்றாவது ஓடரைத் தட்டினாள், நாலாவதைத் தட்டினாள். எல்லாவற்றுக்கும் அந்தக் கனடா வீட்டு அளவே வந்தது. அவளுடைய முகம் மாறியது. “முதல்தரம் கேக்கிற ஆளுக்கு இவ்வளவு கெதியா வரவே கூடாது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கம்பியூட்டருக்குள் தலையை விட்டாள்.

அந்த நேரம் பார்த்து அந்த மனுசியே வந்து நின்றாள். கை இரண்டும் வெறுமை.

“பேணி எங்கை?” என்றேன்.

“போனிலை சொன்னால் போதுமெண்டு உங்கடை மகள்தானே சொன்னவ அக்கா. சாமானும் உங்களிட்டையே எடுத்துப் போடுங்கோ.”

இவளுடைய மூத்த மகளின் பேற்றுக்கும் நான்தான் சரக்குத்தூள் அரைத்துக் கொடுத்தேன். அவர்கள் வீட்டு அளவு வேறு மாதிரி என்பது தெரியும். எப்படி வேறு என்பது பேணி இல்லாமல் வரவில்லை. கண்மதிப்பில் அரைத்துக் கொடுக்க நான் ஆள் இல்லை. பச்சை உடம்புக்காரி சாப்பிடுவது அது.

“அளவு உனக்குத் தெரியாதோ?”

“மாமி இருக்கேக்கை அவதானே பாத்தவ. எனக்கென்ன தெரியும்!”

“அப்ப அவவின்ரை பேணியைக் கொண்டா.”

“ஐயோ, போன மாதம் துவக்கம் அதுக்கை கோழித் தவிடெல்லே போட்டு வைச்சிருக்கிறன்.”

“தவிட்டோடை கொண்டா. ஓடு!”

அவள் ஓடினாள். என் பின்னால் மகள் கையால் நெற்றியில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“கண்டுபிடிச்சிட்டன் அம்மா. பெட்டியிலை அளவைத் தேடி எடுக்க, ஓடர் குடுக்கிற ஆளையே சாவியா வைச்சன். நான் வைச்ச பெட்டி ஆளைப் பாக்காது, எழுத்தைத்தான் பாக்கும். ஆளை எழுத்தா மாத்தேக்கை எல்லாருக்கும் ‘பொருள், பொருள்’ எண்டு ஒரே சொல்லை எழுதிப்போட்டுது. அதுதான் முதல் வந்தவையின்ரை அளவு எல்லாருக்கும் வருது.”

“எல்லாப் பேணியிலையும் ‘பேணி’ எண்டு துண்டு ஒட்டின மாதிரியே?”

அவள் அந்த அவதியிலும் சிரித்துவிட்டாள். “ஓம், அந்தக் கூத்துத்தான்.” ஆளையே பார்த்து அடையாளம் பிடிக்கும் வேறு பெட்டி ஒன்று இருக்கிறதாம், அதற்கு மாற்றினாள். ஒருமுறை உள்ளே வந்த ஆளை அதே ஆளாகவே வைத்திருக்கவும் பண்ணினாள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் படைத்து விட்டால், அதே பெயர், அதே ஊர் என்றாலும் அந்தப் பெட்டிக்கு வேற்றாள்தானாம். ஆள் அங்கிருந்து போய்விட்டால், அவருக்கென்று வைத்ததும் தானாகவே கழிந்துவிடுமாம்.

மனுசி மூச்சு வாங்க வந்து பேணியை நீட்டினாள். தவிட்டைத் தட்டிவிட்டுக் கையில் வாங்கினேன். ஒரு பக்கம் நெளிவு, மூடியில் கம்பி. மகள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நீங்கள் சொல்லுங்கோ அம்மா, நான் பாக்கிறன்.”

“மல்லி நாலு. நற்சீரகம் ரெண்டு. மிளகு ஒண்டு, அதுக்கு மேலை கூடாது. வேர்க்கொம்புச் சுக்கு அரை, மஞ்சள் அரை. மிளகைக் கடைசியாத்தான் தாச்சியிலை போடோணும்.”

ஒவ்வொன்றுக்கும் அவள் தலை ஆடியது. “ஒண்டும் பிசகில்லை” என்றாள்.

வறுத்து, ஆறவிட்டு, அரைத்துக் கொடுத்தபோது பஸ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது. மனுசி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

“மாமியின்ரை கைதான்” என்றாள். பிறகு திரையை ஒரு மாதிரிப் பார்த்தாள். “என்ன பிள்ளை, உன்ரை மிசின் எங்களுக்குப் பிழையாச் சொன்னதோ?”

என் மகள் எழுந்து அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். “மிசினிலை பிழையில்லை. பிழை என்ரை. இப்ப திருத்திப்போட்டன். திருப்பி ஒருக்காத் தட்டிக் காட்டுறன், பாருங்கோ.”

தட்டிக் காட்டினாள். மல்லி நாலு, நற்சீரகம் இரண்டு என்று வந்தது. மனுசி வாசித்துப் பார்த்து, “ம், இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தூளை மடியோடு அணைத்துக்கொண்டு போனாள். தன் பிழையைத் தன் வாயால் சொல்லிவிட்டு என் மகள் நிமிர்ந்தபடி நின்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.