ஷேர் ஆட்டோவில் ஒரு நேர்முகத் தேர்வு

நூலக அறிவியல் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். இன்று மதியம் ஆன்லைனில் நேர்முகத் தேர்வு. வீட்டில் கரன்ட் போய் வைஃபையும் நின்றுவிட்டதால், வேங்கிக்காலில் இருக்கும் தோழி வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் கிளம்பினேன்.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகரவில்லை. அதற்குள் போனிலேயே அழைப்பு வந்துவிட்டது.

"அண்ணா, எனக்கு இன்டர்வியூ வந்துடுச்சுங்க" என்றேன். ஓட்டுநர் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். "நீ பேசும்மா. யாரும் சத்தம் போடாதீங்க!"

எதிரே உட்கார்ந்திருந்த அக்கா, கைக்குழந்தையின் கிலுகிலுப்பையை வாங்கிப் பைக்குள் போட்டார்.

"எல்லாமே போனில் கிடைக்கும்போது நூலகர் எதற்கு?" என்று கேட்டார் பேராசிரியர்களில் ஒருவர்.

மனப்பாடம் செய்த பதில் மறந்துபோனது. நான் தற்காலிகமாக வேலை பார்க்கும் கிளை நூலகத்தில் நடந்ததைச் சொன்னேன். தன் ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றுகிறது என்று ஒருவர் வந்தார். நோயின் பெயர் தெரியாததால், போனில் எதைத் தேடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்டுக் கேட்டு, கால்நடைப் புத்தகம் ஒன்றில் அதைக் கண்டுபிடித்தேன். அன்றே ஆட்டை டாக்டரிடம் கொண்டுபோனார்.

"முடிவு மெயிலில் வரும்" என்று அழைப்பை முடித்தார்கள். சரியாகத்தான் சொன்னேனா?

"ஏம்மா, அந்த ஆடு பொழைச்சுதா?" என்றார் அக்கா.

"பொழைச்சுக்கிச்சுக்கா. குட்டிகூட போட்டிருக்குது."

"அப்பாடா!" என்று சொல்லி ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார்.

பேராசிரியர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை. சீட் கொடுக்கும் அதிகாரம் அந்த ஆட்டோவுக்கு இருந்திருந்தால் இந்நேரம் நான் சேர்ந்திருப்பேன். உங்கள் நேர்முகத் தேர்வெல்லாம் எங்கே நடந்தது, சொல்லுங்கள்.