ராமப்பன் குறித்த முப்பத்தாறு கிணறுகள்

1953 ஜூன் 8, திங்கட்கிழமை. லண்டனில் விஞ்ஞானத் தத்துவம் படிப்பதற்காகப் பாகலூரில் நான் பஸ் ஏறியபோது, நிலத்தடி நீரோட்டம் பார்க்கும் ராமப்பன் தன் நோட்டை என் கையில் கொடுத்தார். "படிச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுங்கம்மா" என்றார்.

உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு வயலில் நடப்பார். அது எழுந்து நிற்கும் இடத்தில் கிணறு வெட்டுவார்கள். கிணறு பொய்த்துவிட்டால் இந்தத் தொழில்காரர்கள் அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்டுவதில்லை. ராமப்பன் போவார். குழிக்குள் இறங்கிப் பார்த்து எத்தனை அடி, தண்ணீர் உண்டா இல்லையா என்று தெலுங்கில் எழுதிக்கொள்வார்.

"பொய்த்ததை எதுக்குண்ணா எழுதறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுதலைன்னா தேங்காய் எப்பவும் ஜெயிச்சிட்டே இருக்கும்மா. ஒதை வாங்கறது மட்டும் நானு" என்று சிரித்தார்.

எப்போது தன் கருத்து தவறாகும் என்று முன்கூட்டியே சொல்லத் துணிபவனே விஞ்ஞானி என்று லண்டனில் பேராசிரியர் ஒரு பருவம் முழுக்க விளக்கினார். ராமப்பனைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நானோ சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்கு மூடநம்பிக்கை பற்றிக் கட்டுரை எழுதினேன். நோட்டிலிருந்த முப்பத்தாறு கிணறுகளில் பொய்த்த ஒன்பதை மட்டும் ஊர்ப் பெயரோடு போட்டேன். தண்ணீர் வந்த இருபத்தேழை விட்டுவிட்டேன். அவர் பெயரை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

படிப்பு முடிந்தும் ஊர் திரும்பாமல் நாடு நாடாகச் சுற்றினேன். 1957-இல் நோட்டோடு வந்தபோது ராமப்பன் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பத்திரிகையில எழுதின மகராசி நீதானா? அதை ஊரூரா படிச்சுக் காட்டினாங்க. அப்புறம் ஒருத்தனும் கூப்பிடலை. பொய் சொல்றவனெல்லாம் இன்னும் தேங்காயோட திரியறான். உள்ளதை எழுதி வெச்ச மனுசன் கல்லாவி ஊருல மண்ணு சுமக்கறான். இப்ப எதை எழுத வந்த?"

அன்றே கல்லாவிக்கு நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மன்னிப்புக் கேட்டு, விட்டுப்போன இருபத்தேழையும் அதே பத்திரிகையில் வெளியிட்டு அவர் பெயரை மீட்பதாக எழுதினேன். பதில் இல்லை. கோபம் என்றே நினைத்தேன். மறுப்பை எழுதி வைத்துக்கொண்டு அவர் சம்மதத்துக்காகக் காத்திருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு கார்டு வந்தது. தெலுங்கில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்:

"இருபத்தேழைப் போட வேண்டாம் அம்மா. இந்தப் பக்கம் நீரோட்டம் பார்க்காமலே, இஷ்டப்பட்ட இடத்தில் வெட்டிய முப்பத்தாறு கிணறுகளை, வேலை இல்லாத நாட்களில் நடந்து போய்ப் பார்த்தேன். அதிலும் ஒன்பதுதான் பொய்த்திருக்கிறது. தேங்காயை விட்டுவிட்டேன். என்னைப் பற்றி எழுதுமுன் இதை யாரும் கேட்கவில்லையே, உங்கள் படிப்பில் இதைக் கேட்கச் சொல்லித் தருவதில்லையா?"