பாட்டுப் பெட்டிக்காரரின் வயது

ஜப்பான்காரன் காலத்தில் பீடோங் கடைத்தெருவில், பழைய கிராமபோன் பெட்டிகளைச் சேர்த்துவைக்கும் தையல்காரர் ஒருவர் இருந்தார். பெட்டிக்கு ஊசி கிடைக்காததால் எலுமிச்சை முள்ளைச் சீவிப் பொருத்திப் பாடவைப்பார். நரைத்த தாடி, வளைந்த முதுகு. சயாம் ரயில் பாதை போடக் கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள்கூட கிழவர் என்று விட்டுப் போனார்கள்.

ஒருநாள் மழைவெள்ளம் அவர் கடைக்குள் புகுந்தது. தோளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முதுகு நிமிர, சாக்கடையைத் தாண்டி எதிரே இருந்த எங்கள் கடை வாசலுக்குத் தாவினார். தாடியிலிருந்து, துணியில் கோடு போடும் வெள்ளைச் சாக்கட்டித் தூள் கரைந்து வழிந்தது. உள்ளே அத்தனையும் கறுப்பு.

அதுவரை தாத்தா என்று கூப்பிட்டுவந்த நான், "அண்ணே, உங்களுக்கு என்ன வயசு?" என்றேன்.

பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு மறுபடி கூனிக்கொண்டார். "முப்பதுதான்லா தம்பி. ஜப்பான்காரன் கேட்டா மட்டும் அறுபது."

ஜப்பான்காரன் போனதும் தாடியை மழித்துவிட்டார். கூன் மட்டும், பெட்டி தூக்கும் நேரம் தவிர, நிமிரவே இல்லை.