கோட்டுக்கு வெளியே மூன்று பேர்

ஃபுட்பால் டீமுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி கேட்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அறுபதுகளின் நடுவில் பம்பாய்ச் செம்பூரில் தகர டிரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் நர்ஸாக இருந்தேன். டிஸ்பென்சரி என்றால் ஒரு அறை, ஒரு கட்டில், ஊசி கொதிக்கவைக்க ஒரு ஸ்டவ். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாள்களில் தகடு கிழித்த கைகளும் நானும்தான்.

வந்தவர் டெஸ்பாட்ச் கிளார்க், மாட்டுங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர். கம்பெனி டீமில் எட்டு வருஷம் ஹாஃப்பேக்காக ஆடியவர். பழைய கோச் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டதால் அந்த வாரம்தான் இவரைக் கோச்சாகப் போட்டிருந்தார்கள். பெட்டியைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்கப்படாது. நம்ம டீம் பசங்கள்ல யாரெல்லாம் இந்த வாரம் ஆடப்படாதுன்னு சொல்வேள்?"

யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. யோசிக்காமல் ஐந்து பேரைச் சொன்னேன். ஒருவனுக்குக் கணுக்கால் வீக்கம் இறங்கவில்லை. இரண்டு பேருக்குக் காய்ச்சல். இன்னொருவன் தொடையில் தையல் இருந்தது. அதை மறைத்து முழுக்கால் சட்டையோடு பிராக்டிஸுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஐந்தாமவன் குடிகாரன், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. அவர் சிரித்தார். பிறகு, தனக்கு உதவியாக இரண்டு பேரை எடுத்துக்கொள்ளக் கம்பெனி அனுமதித்திருப்பதாகவும், அதில் ஒருவராக நான் வர வேண்டும் என்றும் சொன்னார். டிரெய்னர் என்று பெயர். காலை ஆறு மணிக்கு மைதானம், எட்டு மணிக்கு டிஸ்பென்சரி.

"வாரேன் சார். ஆனா ஒண்ணு. ஒருத்தன் ஆட முடியாதுன்னு நான் சொன்னா முடியாதுதான். பெறவு அதுல யார் பேச்சும் கெடையாது. உங்க பேச்சும்."

அவர் எழுந்து ஸ்டூலைப் பழைய இடத்தில் போட்டார். "சரி" என்றார்.

இரண்டாவது ஆளைக் கேட்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கேட் வாட்ச்மேன். கொங்கணப் பக்கத்து மராத்திக்காரர். முன்பு பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர், டீமின் கோல்கீப்பர். இரண்டு வருஷத்துக்கு முன் பிரஸ் மெஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. அன்று அந்தக் கையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை லாரியில் போனவள் நான். அதற்குப் பிறகு கம்பெனி அவரைக் கேட்டில் உட்காரவைத்துவிட்டது. ஆபீசர்கள் கார் உள்ளே வரும்போது அவர் இடது கையால்தான் சலாம் போடுவார்.

கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கோச் தன் மாட்டுங்கா ஹிந்தியில் கேட்டதும், வாட்ச்மேன் வலது கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"யே தேகா க்யா, சாப்?"

"தேகா. இஸீலியே ஆயா." பார்த்தேன், அதற்காகவே வந்தேன் என்று கோச் சொன்னார்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அதுதான் சம்மதம்.

மறுநாளே, ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் எங்கள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் மாட்டுங்காக்காரர், கோச் இருந்த அதே தெரு. விளையாட்டுக் கமிட்டிக்கு அவர்தான் செக்ரட்டரி. உதவிக்கு யாரை எடுக்கலாம் என்று அவர் ஏற்கெனவே மூன்று பெயர்களைக் கொடுத்திருந்தார். மூன்று பேரும் அக்கவுண்ட்ஸ் பக்கத்து ஆள்கள். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"என்னய்யா இது? ஒரு வாட்ச்மேன், ஒரு நர்ஸ். நீ நடத்தப்போறது ஃபுட்பால் டீமா, தர்மாஸ்பத்திரியா? நம்ம மனுஷா ஒருத்தரும் கிடைக்கலையா உனக்கு?"

"நீங்க சொன்ன மூணு பேரும் மழை பெய்ஞ்சா வரமாட்டா சார். இவா வருவா." பம்பாயில் ஃபுட்பால் மழைக்காலத்து ஆட்டம். அவர் சொன்னதில் குத்தலும் இருந்தது, உண்மையும் இருந்தது.

"அது போகட்டும். அந்தக் கையை நாலு கம்பெனிக்காரா எதிர்ல கொண்டுபோய்க் காட்டணுமா? பார்க்கிறவா என்ன நினைப்பா?"

வாட்ச்மேனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆபீசரின் கண் எங்கே போகிறது என்பது தெரிந்தது. கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வெரலு எந்த மெஷின்ல போச்சுன்னு நெனப்பாங்க சார்" என்றேன்.

"ஒரு சீசன்" என்றார் ஆபீசர், கோச்சைப் பார்த்து. "ஒரு சீசன் பார்க்கிறேன்."

தாராவியில் எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய விசாரணை காத்திருந்தது. நாங்கள் திருநெல்வேலி நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அப்பா தோல் கிடங்கில் மேஸ்திரி, அதிகம் பேசமாட்டார். அம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுவாள்.

"ஏளா, ஒனக்குக் கிறுக்கா? கோயில்ல என்ன பேசுதாவன்னு தெரியுமா? ஆம்பளப் பயலுவ காலப் புடிச்சித் தேய்க்கவா ஒன்ன நர்ஸுக்குப் படிக்க வச்சோம்?"

"ஆஸ்பத்திரியிலயும் ஆம்பளயளுக்குத்தானம்மா கட்டுப் போட்டேன். அப்பம் பெருமயாத்தான சொல்லிக்கிட்டிருந்திய?"

மறுநாள் காலை நாலரைக்கு என்னை எழுப்பியதும் அம்மாதான், முறைத்துக்கொண்டே கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

சயானிலிருந்து ரயிலில் குர்லா, குர்லாவில் ஹார்பர் லைன் மாறிச் செம்பூர். வெள்ளைச் சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூவோடு சேற்றில் நின்றேன். முதல் வாரம் பையன்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்கள். ஒருவன் இல்லாத சுளுக்குக்குத் தைலம் தேய்க்கச் சொல்லிக் காலை நீட்டினான். அவனை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவைத்தேன். சுளுக்கு சரியாகிவிட்டது.

வாட்ச்மேன் கோல்போஸ்டுக்குப் பின்னால் நின்று கத்துவார். எட்டு விரலால் பந்தைப் பிடித்துத் திருப்பி எறிவார். சுனாபட்டியிலிருந்து வந்த எங்கள் கோல்கீப்பர், பெயிண்ட் செக்ஷன் பையன், பத்து விரல் வைத்துக்கொண்டு அதைத் தவற விடுவான். ஜூலை முடிவதற்குள் அவன் தவற விடுவது நின்றுவிட்டது.

சீசனின் கடைசி ஆட்டம் சர்ச்கேட் பக்கத்து மைதானத்தில் நடந்தது. தோற்றால் கீழ் டிவிஷனுக்குப் போக வேண்டும், ஜெயித்தால் இருக்கலாம். காலையிலிருந்தே மழை. பாதி ஆட்டத்துக்கு முன்பே ஒரு கோல் போட்டிருந்தோம். இருபது நிமிஷம் மிச்சமிருந்தபோது, ஒரு பந்துக்குப் பாய்ந்த எங்கள் கோல்கீப்பர் தலையைக் கோல்போஸ்டில் இடித்துக்கொண்டு விழுந்தான். நான் ஓடினேன். அவன் அதற்குள் எழுந்து நின்று, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான்.

"எத்தன கோல் ஆயிருக்கு?" என்று கேட்டேன்.

"இன்னும் ஆட்டம் ஆரம்பிக்கலியே சிஸ்டர்" என்றான். பிறகு வானத்தைப் பார்த்து, "மழ எப்ப வந்துச்சு?" என்றான். நான் அவன் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மறுபடி கேட்டான்: "மழ எப்ப வந்துச்சு சிஸ்டர்?"

அந்தக் காலத்தில் அந்தப் போட்டிகளில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஒருவன் வெளியே வந்தால் மிச்சம் பத்துப் பேர்தான், அதில் ஒருவன் கோலில் நிற்க வேண்டும். அது தெரிந்துதான் அவன் தோளைப் பிடித்துக் கோட்டை நோக்கி நடத்திக்கொண்டு வந்தேன்.

குடைக்கடியில் இருந்த பெர்சனல் ஆபீசர் செருப்பு சேற்றில் சிக்க ஓடிவந்தார். "தண்ணி தெளிச்சு அனுப்பு. இருபது நிமிஷம்தான்!" நீங்க, வாங்க எல்லாம் போய்விட்டிருந்தது.

"முடியாது சார்."

அவர் கோச்சின் பக்கம் திரும்பினார். "யோவ், நீதான் கோச்சு. சொல்லு அவகிட்ட!"

கோச்சின் முகத்தில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. டீம் கீழே போனால் அவர் பேரும் சேர்ந்து போகும். என்னைப் பார்த்தார். "சிஸ்டர்?"

"வெளிய."

"அப்ப வெளியே" என்றார் ஆபீசரிடம். லெஃப்ட்பேக்கைக் கூப்பிட்டுக் கோலுக்கு அனுப்பினார். வாட்ச்மேன் கோல்போஸ்டுக்குப் பின்னால் ஓடிப்போய் நின்று, இடது, வலது என்று ஹிந்தியில் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கினார்.

கடைசி நிமிஷங்களை நான் பார்க்கவில்லை. டாக்ஸியில் பையன் என் மடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி டாக்டர் அவனை இரண்டு நாள் படுக்கவைத்துப் பார்த்து, நல்லபடியாக அனுப்பினார். ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். அதை மறைக்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை. பையன் எனக்கு நன்றி சொன்னான் என்று நினைக்க வேண்டாம். "ரெண்டு பந்தையும் பிடிச்சிருப்பேன்" என்று கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆறு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கள்கிழமை எனக்கு மெமோ வந்தது. நர்ஸின் வேலை டிஸ்பென்சரியோடு முடிகிறது; இனி டீம் காரியங்களில் தலையிடக் கூடாது. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "படித்தேன். ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பியூன் அதைப் பார்த்துவிட்டு, "க்யா லிகா, சிஸ்டர்?" என்று, என்ன எழுதினேன் எனப் பயந்துபோய்க் கேட்டான். மறுநாள் ஆறு மணிக்கு மைதானத்தில் நின்றேன். சீசன் முடிந்துவிட்டது, பிராக்டிஸ் இல்லை என்பது எனக்குத் தெரியும். கோச்சும் அங்கே இருந்தார், வாட்ச்மேன் கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தார். மூன்று பேரும் யாரையும் எதிர்பார்த்து வரவில்லை.

அடுத்த சீசனுக்கான அறிவிப்பை கோச் தானே டைப் செய்து கேன்டீன் பலகையில் ஒட்டினார். அவர் பெயர், வாட்ச்மேன் பெயர், என் பெயர். மத்தியானத்துக்குள் அதைக் கிழித்துவிட்டார்கள். அவர் டெஸ்பாட்ச் கிளார்க். கார்பன் வைத்து நாலு காப்பி எடுத்திருந்தார். இரண்டாவதையும் கிழித்தார்கள். மூன்றாவதை ஒட்டியபோது பிரஸ் ஷாப் ஆள்கள் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு டீ குடித்தார்கள், சங்கு ஊதியும் நகரவில்லை. மூன்றாவது காப்பி சீசன் முழுக்க இருந்தது. கோச்சுக்கு வரவேண்டிய பிரமோஷன் அந்த வருஷம் வரவில்லை. எனக்கு இன்னும் இரண்டு மெமோ வந்தது. பிரஸ் மெஷினில் கை சிக்காமல் ஏதாவது தடுப்பு வைத்தார்களா என்றால், நான் இருந்தவரை வைக்கவில்லை. அதைக் கேட்டு நானும் வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை.

டீம் அடுத்த வருஷம் மேலே ஏறவில்லை. அதற்கடுத்த வருஷம் ஏறியது. அந்த சீசனின் நடுவில் ஒரு காலை, எங்கள் சுனாபட்டிக் கோல்கீப்பர் தானாகவே மைதானத்திலிருந்து வந்து என் முன்னால் வீங்கிய மணிக்கட்டை நீட்டினான்.

"பாருங்க சிஸ்டர். ஆடலாமா?"

அழுத்திப் பார்த்தேன். பல்லைக் கடித்தான்.

"கூடாது. ரெண்டு வாரம்."

வாய்க்குள் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.